கஞ்சி போடாத நூல்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சீசா தூக்குகிற வேலை எனக்கு. ஊரார் வீட்டுத் தண்ணீரையெல்லாம் பிடித்துக்கொண்டு போகிறவனுக்கு ஒரு வீட்டிலும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. கொடுத்தால் அதையும் சீசாவில் ஊற்றிக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தார்களோ என்னவோ. அய்யாதுரை என்கிற என் பெயரைக் கேட்டவர்களும் குறைவு. சீசாக்காரன் வந்திருக்கான் என்பார்கள், அவ்வளவுதான்.

வேலையில் வித்தை ஒன்றும் கிடையாது, பொறுமைதான் வேண்டும். சீசாக்களை ஆவியில் வேகவைத்துக் காகிதம் சுற்றித் தருவார்கள். தேனாம்பேட்டையிலிருந்து சைக்கிளில் கிளம்பி, வீட்டுக் கைப்பம்பை ஐம்பது தரம் அடித்துக் கொட்டிவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திப் பம்பின் மூக்கைச் சுட வேண்டும். அப்புறம் சீசாவின் வாயில் விரல் படாமல் தண்ணீர் பிடித்து, மரத்தூளும் ஐஸும் போட்ட பெட்டியில் வைத்துப் பகல் பன்னிரண்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூக்கைச் சுடுகிற இடத்தில் எல்லா வீட்டுப் பெண்களும் சிரிப்பார்கள். பம்புக்குச் சூடு போடறான் பாரு என்பார்கள்.

நாற்பத்திரண்டாம் வருஷம். சித்திரையில் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஜப்பான்காரன் வரவில்லை. ஆவணி முடிவதற்குள் பாதிப் பேர் அசடு வழியத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தார்கள். குண்டு விழுந்து குழாய்த் தண்ணீர் நின்றுபோனால் ஜனங்கள் எதைக் குடிப்பார்கள் என்று மேலே யாருக்கோ கவலை பிறந்தது. மயிலாப்பூரில் கைப்பம்பு உள்ள வீடுகளையெல்லாம் பட்டியல் போட்டுத் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் பன்னிரண்டு பம்புகள் ஒரே ஆள் போட்டவை. அவர் ஷாஹுல் ஹமீது. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் என் வீட்டுக்கு எதிர் வீடு.

ஐம்பது வயது. தோள்கள் மட்டும் இருபத்தைந்து வயதுக்காரனுக்கு உரியவை. இரும்புக் குழாயைத் தூக்கித் தூக்கிக் குத்தி மண்ணில் இறக்குகிற வேலை அப்படி. மூன்று ஆள் சேர்ந்து அறுபது அடி இறக்க எட்டு நாள் ஆகும். குழி முடிந்து பம்பு மாட்டியதும் முதல் கை தண்ணீரை அவர்தான் குடிப்பார். வீட்டுக்காரர்கள் சுற்றி நிற்க, இரண்டு கையையும் குவித்து வாங்கி, வாயில் கொஞ்சம் நிறுத்தி விழுங்கிவிட்டு, "குடிங்க" என்பார். அவர் கொடுக்கும் உத்தரவாதம் அவ்வளவுதான். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது.

பன்னிரண்டில் பதினொன்று சுத்தம் என்று வந்தது. ஒன்று மட்டும் கெட்டுப்போய் இருந்தது. அது மாடவீதிக்குப் பக்கத்தில் வக்கீல் வேதாந்தம் ஐயங்கார் வீட்டுப் பம்பு.

அந்தச் சேதியை நான்தான் கொண்டுபோனேன். ரம்ஜான் மாதம், புரட்டாசி வெயில். நோன்பு திறக்க இன்னும் கால் மணி இருந்தது. பாயின் சம்சாரம் ஜஹீதா அக்கா அடுப்படியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தாள். பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து வருகிற அந்த வாசனைக்கு நோன்பு இல்லாத எனக்கே வயிறு கூவியது. ஹமீது பாய் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி செத்துப்போய் கீது?" என்றார்.

"வக்கீல் வூட்டுத் தண்ணி பூட்ச்சு பாய்."

"பூட்ச்சுன்னா?"

"கிருமி. ஒண்ணு ரெண்டு இல்ல, பூதக்கண்ணாடில பாத்தா நெளிஞ்சிகினு கீது. நாத்தம் வேற. எங்க லேப் டாக்டரு 'குடிக்க உதவாது'ன்னு எழுதிட்டாரு."

"நாத்தம் எனுக்குத் தெரியும். ஊர்லேந்து வந்ததும் கூப்ட்டு அனுப்பிச்சாங்க, போனேன். அழுவின முட்டை கணக்கா கீது. நாலு மாசம் பூட்டிக் கெடந்த பம்பு, நூறு கொடம் அடிச்சிக் கொட்டுங்க சாமி, சரியாப் பூடும்னு சொன்னேன். வாயில வுட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நோம்பு."

"நூறு இல்ல, இருநூறு கொடம் கொட்டிட்டாங்களாம். போவல. பாய், விசயம் அத்தோட நிக்கல. குழியில சாக்கடை எறங்குதுன்னு டாக்டரு சந்தேகப்படறாரு. அப்டி இருந்தா பன்னெண்டையும் மூடணும்ன்றாரு. ஒரே ஆளு, ஒரே ஆழம், ஒரே மாதிரி போட்டது. இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு இன்னொண்ணுன்னு எல்லாம் போவும்ன்றாரு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு குழியையும் மூடினால் மயிலாப்பூரில் என்ன, மந்தைவெளியில், அடையாற்றில் எங்குமே அவரைக் கூப்பிட ஆள் இருக்காது. அதை அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"நாப்பது அடியில களிமண்ணு," என்றார். "பத்தடி மொத்தம். மேல் தண்ணி ஒரு சொட்டு அதைத் தாண்டாது. அதுக்கு அப்பால வெள்ளை மணலு. அங்க ஒரு உசுரு கெடையாது அய்யாதொரை. பூச்சி இல்ல, புழு இல்ல, பாசி இல்ல. அல்லா மூடி வெச்ச தண்ணி. அதுல சாக்கடை எங்கேந்து எறங்கும்?"

"அதை நீ டாக்டராண்ட சொல்லு. சனிக்கெழமை காலையில அவரே வர்றாரு, பம்பைக் கழட்டிப் பாக்க."

ஜஹீதா அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். "பம்பைக் கழட்டறாங்களா? அப்போ புது வாசரு ஒண்ணு வேணுமே. நாளைக்கே ஊறப் போட்டுடறேன்."

இந்த வாஷரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கைப்பம்பின் உள்ளே ஏறி இறங்கும் கம்பியின் நுனியில் கிண்ணம் போல ஒரு தோல் வாஷர் இருக்கும். அது பம்பின் சுவரை ஒட்டிப் பிடித்து இழுத்தால்தான் தண்ணீர் மேலே வரும். தோலில் பட்டு வருகிற தண்ணீரை ஆசாரக்காரர்கள் குடிப்பார்களா? மயிலாப்பூரில் ஹமீது பாய்க்கு முதல் இரண்டு வருஷம் வேலையே கிடைக்காமல் போனது அதனால்தான். வழி கண்டுபிடித்தவள் ஜஹீதா அக்கா. பருத்தி நூலும் சணலும் சேர்த்துப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்து, கஞ்சியில் ஊறவைத்து, பித்தளை டம்ளரின் அடியில் கவிழ்த்துக் கட்டி மூன்று நாள் காயவைப்பாள். காய்ந்ததும் நல்லெண்ணெய் தடவித் தேய்ப்பாள். தோல் கிண்ணம் மாதிரியே விறைப்பாக நிற்கும். பின்னுகிறபோது வலது ஆள்காட்டி விரலில் தோல் உரிந்து, அந்த இடத்தில் மஞ்சள் பத்து எப்போதும் இருக்கும். வாரத்துக்கு இரண்டு செய்வாள். நூல் சீக்கிரம் நைந்துபோகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார்.

அவளுக்கு அதில் கர்வம் உண்டு. என் பெண்டாட்டியிடம் நூறு தரமாவது சொல்லியிருப்பாள்: "மாடவீதி ஐயமாருங்க தண்ணி குடிக்கிறது என் கையால, தெரியுமா?"

சனிக்கிழமை காலை டாக்டர் பத்ரிநாராயணன் ஜட்காவில் வந்து இறங்கினார். பெட்ரோல் பஞ்சத்தில் அவருடைய கார் ஷெட்டில் தூங்கியது. நானும் பாயும் முன்னாலேயே போய்விட்டோம். ஜஹீதா அக்கா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, புது வாஷரைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். இன்னும் ஈரம் முழுக்கப் போகவில்லை, நானே கையில் வைத்திருந்து தருகிறேன் என்றாள். கொல்லைக் கதவுக்கு வெளியே தென்னை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

புரட்டாசிச் சனிக்கிழமை என்பதால் வீட்டுக்குள் தளிகை அமர்க்களமாக இருந்தது. புளியோதரை வாசனை கொல்லை வரைக்கும் வந்தது. வக்கீல் வேதாந்தம் நெற்றியில் திருமண் ஈரம் காயாமல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய அக்கா கோமளம். முப்பது வருஷமாகத் தம்பி வீட்டோடு இருக்கிறவள். நார்மடிப் புடவை. அந்த வீட்டில் வக்கீல் அவர் இல்லை, அவள்தான் என்று ஐந்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துபோயிற்று. பாய் பம்பு பழுது பார்க்க வருகிற ஒவ்வொரு தரமும் அவள் இதே இடத்தில் நின்று, எதைக் கழற்றுகிறான், எதை மாட்டுகிறான் என்று கண் கொட்டாமல் பார்ப்பாளாம்.

"ஹமீது, நீ நன்னாத்தான் பண்ணியிருப்பே, நான் ஒண்ணும் சொல்லலை," என்றார் வக்கீல். "ஆனா டாக்டர் குழி சரியில்லேன்னார்னா, குழாயைப் பிடுங்கிண்டு போயிடணும். அப்பறம் நான் நோட்டீஸ் விடறாப்பல வெச்சுக்கப்படாது."

"அல்லா மேல பாரத்தைப் போட்டு சொல்றேன் சாமி. குழி தப்புன்னா நானே புடுங்கிகினு போறேன்."

பாய் பம்பின் தலையைத் திருகிக் கழற்றினார். கம்பியை மேலே இழுத்தார். வாஷர் வெளியே வந்ததும் வக்கீல் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனார். கன்னங்கரேல் என்று, கொழகொழவென்று, கம்பியைச் சுற்றி என்னவோ தொங்கியது. தொட்ட இடத்தில் நார் நாராகக் கையோடு வந்தது. டாக்டர் மட்டும் சந்தோஷப்பட்டார். குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இதை அந்தண்டை வை. முதல்ல குழாயிலேர்ந்து நேரா எடு," என்றார்.

பாயிடம் ஒரு பித்தளைக் குழல் உண்டு. இரண்டு விரல் தடிமன், முழ நீளம், அடியில் உள்ளே மட்டும் திறக்கிற சின்ன மூடி. குழியில் மணல் அள்ள வைத்திருந்தது. அதைக் கொதிக்க வைத்துக் கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் விட்டார். முதலில் வந்தது கறுப்பாக இருந்தது. கொட்டினார். அப்புறம் சாம்பல் நிறம். கொட்டினார். நோன்பு வாயோடு, வெயிலில், அறுபது எழுபது குழல் இறைத்துக் கொட்டினார். வியர்வை முழங்கையில் சொட்டியது. கடைசியில் வந்த தண்ணீரைச் சீசாவில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினேன். ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. டாக்டர் முகர்ந்தார். தலையை ஆட்டினார்.

"குழியில தப்பு இருக்கும்னு தோணலை. மூணு நாள்ல லேப் சொல்லிடும்," என்றார்.

பாய் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு, "நான் அப்பவே சொன்னேன் சாமி. களிக்கு அப்பால உசுரு கெடையாது," என்றார்.

"யார் சொன்னா?" டாக்டர் திரும்பினார். "இருக்கு. காத்து வேண்டாம், வெளிச்சம் வேண்டாம், அதுபாட்டுக்குக் கீழே இருக்கு. நாம பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து இருக்கு. இந்த அழுகின முட்டை நாத்தம் இருக்கே, அதோட மூச்சுன்னு வெச்சுக்கோ. அங்கே சாப்பிட ஒண்ணும் கிடைக்காது. அதனால சும்மா கிடக்கும், யாரையும் ஒண்ணும் பண்ணாது. இங்கே யாரோ அதுக்குச் சாதம் போட்டு வளத்திருக்கா. அதுக்குப் போட்டதை மத்த கிருமியும் வந்து சாப்பிட்டிருக்கு." குச்சியால் கறுப்பு வாஷரைக் கிளறினார். "இதுல நூலைத் தவிர என்ன இருக்கு?"

பாய் பதில் சொல்வதற்குள் தென்னை மரத்தடியிலிருந்து குரல் வந்தது. "அரிசிக் கஞ்சிங்க. புழுங்கல் இல்ல, பச்சரிசிக் கஞ்சி. ஐயமாரு வூட்டுக்குன்னு தனியா வடிக்கிறது."

கர்வமாகத்தான் சொன்னாள். டாக்டர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அவள் மடியில் இருந்த துணி முடிச்சைப் பார்த்தேன், எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பாத்தேளா, சாதமேதான்," என்றார் டாக்டர். "தோல் வாஷர்னா இந்தப் பாடு கிடையாது. ஆவாரம்பட்டையில ஊறிப் பதமான தோலை அது லேசுல தொடாது."

"தோல் இந்தாத்துல வராது," என்றாள் கோமளம். அதுவரை வாய் திறக்காதவள். "அது கிடக்கட்டும். மத்தாத்துலயும் இதே கஞ்சி நூல்தானே? அங்கெல்லாம் ஏன் கெடலை?"

"அவாள்லாம் தினம் அடிச்சுண்டு இருந்திருப்பா. ஓடற தண்ணில இது வளர நாழியாகும். நீங்க நாலு மாசம் பூட்டிண்டு போயிட்டேள்."

"விசாலாக்ஷியும்தான் பூட்டிண்டு போனா. கும்பகோணத்துக்கு ஒரே ரயில்ல போனோம், ஒரே ரயில்ல வந்தோம். அவாத்துத் தீர்த்தம் கல்கண்டா இருக்கு. போன ஏகாதசிக்கு அங்கேதான் குடிச்சேன்."

டாக்டர் யோசித்தார். பாய் பித்தளைக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த குழலை மறுபடியும் துடைத்தார்.

"நல்ல கேள்வி," என்றார் டாக்டர். "அப்போ பதினொண்ணையும் திறந்து பாத்துடறது. அய்யாதுரை, செவ்வாய்க்கிழமை இவரைக் கூட்டிண்டு போய் வாஷர் என்ன, எந்த நிலையில இருக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதிண்டு வா. காரணம் தெரியாம நான் எதுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன்."

 அன்று சாயங்காலம் நோன்பு திறந்த கையோடு என்னைக் கூப்பிட்டார். பரண் மேலிருந்து ஒரு மண்ணெண்ணெய் டின்னை இறக்கி வைத்திருந்தார். ஜஹீதா அக்கா தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தாள்.

மூடியைத் திறந்தார். உள்ளே வாய் வரைக்கும் வாஷர்கள். பின்னி, காயவைத்து, எண்ணெய் தடவியவை. ஒன்றுகூடப் பம்புக்குள் போகாதவை.

"எல்லாம் தோலு நைனா," என்றார் மெதுவாக. "பதினோரு வூட்லயும் தோலுதான். நூலு பதினைஞ்சு நாளைக்கு மேல இழுக்காது. கை ஒடியுது பாய், ஒரு கொடம் ரொப்ப நூறு அடி அடிக்கணும்னு அந்தம்மாங்க அழுவறாங்க. மொதல்ல ஒரு வூட்ல மாத்தினேன், அவசரத்துக்கு. அப்பால எல்லாத்துலயும். வக்கீல் வூட்ல மட்டும் முடியல. அந்தக் கோமளம்மா தாசில்தாரு கணக்கா நின்னுகினு பாக்குது. அங்க மட்டும்தான் சொன்னபடி செஞ்சேன். அது மட்டும்தான் நாறிப்போச்சு."



"நாளைக்கு ஞாயித்துக்கெழமை," என்றார். "திங்களும் கீது. ரெண்டு நாள்ல பதினொண்ணையும் மாத்திடுவேன். செவ்வாய்க்கெழமை நீ தொறந்து பாக்கறப்போ எல்லாம் நூலா இருக்கும். தோலுன்னு தெரிஞ்சா அவங்க ஆசாரம் பூடும், என் வாக்கும் பூடும். சாக்கடை எறங்குதுன்னு சொன்னாக்கூடத் தாங்கிக்குவாங்க. இதைத் தாங்க மாட்டாங்க."

"மாத்தினா தண்ணி கெடும் பாய்."

"அப்பால மெதுவா தோலைப் போட்டுக்கலாம்."

வாசலில் குடத்தை இறக்குகிற சத்தம் கேட்டது. அவள் எப்போது வந்து நின்றாள் என்று இருவருக்குமே தெரியாது. உள்ளே வந்து டின்னுக்குள் கையை விட்டு ஒரு வாஷரை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். தன் கைவேலையில் எது எந்த மாதம் செய்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இது பக்ரீத்துக்கு முன்னால பின்னினது," என்றாள். "ஜுரம் எனுக்கு அப்போ. வேணாம்னு நீங்க சொல்லல. கொடு, அவசரம்னு வாங்கினு போனீங்க."

"ஜஹீதா..."

"ரெண்டு வருசம். வெரல்ல சதை பிஞ்சிச்சே, அது இன்னாத்துக்கு?"

"உன் கையால செஞ்சதை எப்படிக் குப்பையில போடறது? அதான் எடுத்து வெச்சேன்."

"குப்பையில போட்டிருந்தா தேவல. தெருவுல கெடந்து நான் பாத்திருப்பேன். எனுக்கும் தெரிஞ்சிருக்கும்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அழுதிருந்தால் பாய்க்கு அது சுலபமாக இருந்திருக்கும். இரண்டு வாஷரையும் டின்னிலேயே போட்டு மூடியை அழுத்தினாள். டின்னின் மேல் குந்திக்கொண்டாள்.

"இத்தை எட்த்துகினு போய் மாட்டினா, பதினோரு வூட்டுத் தண்ணியும் நாறும். கொயந்தைங்க குடிக்கும். என் கஞ்சி. வாணாம். தோலுன்னா தோலுன்னு சொல்லிடுங்க."

"சொன்னா நம்ம பொழப்பு?"

"பொழப்புப் பத்தி என்னாண்ட பேசாதீங்க. எது எங்க போச்சு, எது எங்க கீதுன்னு எனுக்குத் தெரியாது. நீங்க யாராண்டயும் இன்னாவும் சொல்லிக்கோங்க."

அந்த வீட்டில் ஞாயிறும் திங்களும் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. அடுப்பு எரிந்தது, கஞ்சி வாசனை வந்தது. பேச்சுக் குரல் மட்டும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் லேபிலிருந்து முடிவு வந்தது. வக்கீல் வீட்டுக் குழியில் நேரே எடுத்த தண்ணீர் சுத்தம். இனி பதினொன்றையும் திறந்து காரணம் எழுத வேண்டியதுதான் பாக்கி. முதலில் விசாலாக்ஷி அம்மாள் வீட்டுக்குப் போனோம். கோமளத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. பள்ளிக்கூட வாத்தியார் சம்சாரம், வாட்டசாட்டமான மனுஷி.

பாய் பம்பைக் கழற்றினார். கம்பியை இழுத்தார். தோல் வாஷர் பழுப்பாக, வழுவழுவென்று, சேதமில்லாமல் வந்தது. அதை மறைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து அந்த அம்மாளுக்கு நேரே நீட்டினார். 

"அம்மா, இது தோலு. ஒண்ணரை வருசமா இதான் கீது. நூலுன்னு சொன்னது பொய். குழாயைப் புடுங்கிகினு போன்னு சொன்னாலும் போறேன்."

விசாலாக்ஷி அம்மாள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தெரியும் ஹமீது. சட்டுனு உள்ளே போடு."

"தெரியுமா?"

"தினம் இருபது குடம் அடிக்கறவளுக்குக் கை சொல்லாதா? முதல் மாசம் தோள்பட்டை விட்டுப்போச்சு. அப்பறம் ஒருநாள் நீ வந்துட்டுப் போனே, மறுநாள் ரெண்டு அடியில தண்ணி கொட்டறது. நூல் அப்படி இழுக்குமா? கேட்டா நீ நிஜத்தைச் சொல்லுவே, சொன்னா குடிக்க முடியாது. அதனால கேக்கலை. எங்காத்துல மட்டுந்தான் இப்படின்னு நெனச்சுண்டு இருக்கேன். அக்காகிட்ட சொல்லிடாதே."

மற்ற பத்து வீட்டுக்கும் போனோம். ஒரு வீட்டில் தலையைத் திருப்பிக்கொண்டு, நான் பாக்கலை, நீ மாட்டிட்டுப் போ என்றார்கள். ஒரு வீட்டில், என்ன வாஷர்னு நாங்க எப்போ கேட்டோம் என்று எங்கள் மேலேயே பாய்ந்தார்கள். ஒருவர் வீட்டிலும் ஆச்சரியம் இல்லை. ஒருவரும் குழாயைப் பிடுங்கச் சொல்லவில்லை. பதினோரு வீட்டுப் பெண்களும் தத்தம் கையால் கண்டுபிடித்து, தத்தம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். படிவத்தில் பதினோரு தரம் 'தோல், நல்ல நிலை' என்று எழுதினேன்.

கடைசியாக வக்கீல் வீடு. தலை கழன்ற பம்பு அப்படியே இருந்தது. தென்னை மரத்தடியில் ஜஹீதா அக்கா உட்கார்ந்திருந்தாள். கோமளம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாளாம்.

"எல்லாத்துலயும் தோலா?" என்றாள் கோமளம். நான் படிவத்தை எடுப்பதற்குள், "விசாலம் உள்பட?" என்றாள்.

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "நான் பொய் சொன்னேம்மா," என்றார்.

"நீ சொன்னது ஒரு பக்கம். அவா என்ன சொன்னா?"

எடுக்கப் போன படிவத்தை நான் மறுபடி பைக்குள் தள்ளினேன். அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. தலை கழன்ற பம்பைப் பார்த்தாள். பிறகு கொல்லைக் கதவு வரை நடந்துபோய், ஜஹீதாவுக்கு நாலடி தள்ளி நின்றாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குடி," என்றாள். "நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியலை."

ஜஹீதா அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. துப்பட்டியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள்.

கோமளம் திரும்பி வந்தாள். "தோலையே போடு ஹமீது. கொழந்தைகள் நல்ல தண்ணி குடிக்கட்டும். எனக்கு வேண்டாம். அன்னிக்கு டாக்டருக்கு ஒரு பித்தளைக் குழல்ல எடுத்துக் கொடுத்தியே, அதுல தோல் இருக்கா?"

"இல்லேம்மா. முழுக்கப் பித்தளை."

"அது போறும் எனக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு செம்பு."

டாக்டர் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டும் பட்டியலில் நின்றன. பெருநாள் கழிந்த மறுநாளே பாய் வக்கீல் வீட்டுக் கொல்லையில் இன்னொரு குழி போட ஆரம்பித்தார். பம்பு மாட்டிய குழாய்க்குள் பித்தளைக் குழல் இறங்காதே. யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆறே நாளில் அறுபது அடி இறக்கினார். பம்பு கிடையாது. தரையிலிருந்து முழ உயரம் குழாய், அதற்கு ஒரு பித்தளை மூடி, அவ்வளவுதான். இரண்டு செம்புத் தண்ணீருக்கு அறுபது அடிக் குழி போட்ட வீடு மதராஸில் வேறு எங்கும் இருந்திருக்காது.

கயிறு ஜஹீதா அக்கா கொண்டுவந்தாள். முப்பது அடிப் பருத்தி நூல் பின்னல்; குழாயில் தண்ணீர் இருபது அடியிலேயே ஏறி நிற்கும். அதைப் பாய் கையில் கொடுக்கவில்லை. அவரோடு அவள் இன்னும் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. கோமளத்தின் முன்னால் தரையில் வைத்தாள்.

"கஞ்சி போடலம்மா. வெறும் நூலு."

கோமளம் அதை ஏழு தரம் நனைத்துப் பிழிந்து, குழலில் கட்டினாள். குழாய்க்குள் விட்டாள். தானே இழுத்தாள். முதல் பத்துப் பதினைந்தைக் கொட்டிவிட்டுத் தெளிந்த தண்ணீரோடு நின்றாள். மழை இருட்டு. தென்னை ஓலைகள் அடித்துக்கொண்டன. வழக்கப்படி பாய் முன்னால் வந்து, குனிந்து, இரண்டு கையையும் குவித்தார்.

"நீ இரு," என்றாள் கோமளம். "பன்னெண்டு ஆத்துல நீ குடிச்சுக் காட்டினது போறும். இதை அவ குடிக்கட்டும்."

பாய் குவித்த கையைப் பிரித்துக்கொண்டு ஒதுங்கினார். ஜஹீதா அக்கா யாரையும் பார்க்காமல் எழுந்து வந்தாள். மஞ்சள் பத்துப் போட்ட விரலோடு கையைக் குவித்தாள். கோமளம் மேலே பட்டுக்கொள்ளாமல், குழலை உயரத் தூக்கிச் சாய்த்தாள். தண்ணீர் நூலாக இறங்கியது. ஜஹீதா அக்கா வாயில் கொஞ்சம் நிறுத்தி, விழுங்கி, புறங்கையால் உதட்டைத் துடைத்தாள்.

"குடிங்க," என்றாள்.